உதடு மட்டும் நனைந்த நிலம்

உன் காலடியில் கிடக்கும் மண்ணுக்குள் நீ கடைசியாக என்றைக்குக் கையை விட்டுப் பார்த்தாய்? மேலே தடவிப் பார்த்ததை நான் கேட்கவில்லை. செருப்பில் ஒட்டிவந்த சேற்றையும் கேட்கவில்லை. முழங்கை மறையும் வரை உள்ளே விட்டு, அங்கே ஈரம் இருக்கிறதா என்று விரல்களால் விசாரித்தது எப்போது? உன்னிடம் கேட்பதற்கு முன் இந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டு, என் புஞ்சையின் கிழக்கு வரப்பில் குந்தியிருக்கிறேன். என் வலது கை ஒரு குழிக்குள் இருக்கிறது. அதை எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் வெளியே எடுக்க முடியவில்லை. எடுத்துவிட்டால் உள்ளே விரல்கள் தொட்டுக்கொண்டிருப்பது உண்மையாகிவிடும் என்று மனம் நம்புகிறது. சற்றுத் தள்ளி ஆடு, கயிற்றின் முனையில் அறையப்படாத முளைக்குச்சியை இழுத்துக்கொண்டு, ஈரப் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. புல் நனைந்திருக்கிறது. ஆட்டின் முதுகு நனைந்திருக்கிறது. என் சேலைக் கொசுவம் கனத்துத் தொங்குகிறது. வானம் இன்னும் மூடிக் கிடக்கிறது. நேற்றுப் பொழுதடைந்தபோது தொடங்கிய புரட்டாசி மழை விடியும்வரை விடவில்லை. ஊரே அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது. நானும் ஓட்டுக்கூரையில் அது விழும் ஓசையை, நெடுங்காலம் காணாத உறவினரின் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட மழை பெய்து விடிந்த காலையில் என் முகத்தில் புழுதி அடித்தது. இதை எப்படிச் சொல்வது, எவரிடம் சொல்வது? மழையில் நனைந்த கரிசல் காட்டில் நின்றுகொண்டு நான் புழுதிக்குத் தும்மினேன்.

முளைக்குச்சிதான் முதலில் சொன்னது. ஆட்டைக் கட்டுவதற்காகக் குச்சியை ஊன்றிக் கல்லால் ஒரு தட்டுத் தட்டினேன். மழை பெய்த கரிசலில் அது ஒரே அடியில் இறங்கியிருக்க வேண்டும். நான்கு விரல் இறங்கியது, பிறகு துள்ளியது. கல்லோ வேரோ என்று எண்ணி இடம் மாற்றினேன், அங்கும் துள்ளியது. வரப்பில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து ஓங்கிக் குத்தினேன். ஓடு உடைவதுபோல் ஒரு சத்தம். ஒரு சில்லு மண் பெயர்ந்து வந்தது. அதன் மேற்பக்கம் சேறு, அடிப்பக்கம் வெளுத்த தூள். குழிக்குள் ஓர் எறும்புக் கூட்டம், மழை என்ற ஒன்று உலகில் நிகழ்ந்ததே தெரியாததுபோல், வெள்ளை முட்டைகளைச் சுமந்து தன் பாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. இந்த இடம் மட்டும்தான் இப்படி, டிராக்டர் திரும்பும் தலைமாடு, இறுகிப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நடுப்புஞ்சைக்குப் போனேன். அங்கும் சேறு, அங்கும் சில்லு, அங்கும் தூள். மேற்கே தாழ்வான மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றது. அங்கே தூள் இருக்காது, அங்கே நிச்சயம் இருக்காது என்று ஓடினேன். தண்ணீருக்குள் கடப்பாரையை இறக்கிப் புரட்டியபோது, நீருக்கு அடியிலிருந்து காய்ந்த மண் கொப்புளம் கொப்புளமாகக் காற்றை விட்டது. தண்ணீரின் கீழே வறட்சி. அந்தச் சொற்களை நான் வாய்விட்டுச் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆடு தலையை உயர்த்திப் பார்த்தது. வரப்புக்குத் திரும்பி, முதல் குழியையே முழங்கை ஆழத்துக்குத் தோண்டிக் கையை விட்டேன்.

இன்னும் சற்று நேரத்தில் ஊர் இங்கே வந்துவிடும். எங்கள் ஊரில் புரட்டாசி விதைப்புக்கு ஒரு முறை உண்டு. முதல் பிடி என்போம். எல்லோரும் விதையைக் கொண்டுவந்து எங்கள் புஞ்சையின் இந்த வரப்பில் இறக்குவார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து, மடியில் கலந்து, எங்கள் வீட்டுப் பெண் கிழக்கே பார்த்து வீச வேண்டும். அதன்பின் அன்றைக்கே எல்லாப் புஞ்சையிலும் விதை விழ வேண்டும். முந்துவதும் கூடாது, பிந்துவதும் கூடாது. ஒரே நாளில் விதைத்தால்தான் குருவியும் பூச்சியும் ஊர் முழுக்கப் பிரிந்து மேயும், ஒருவன் புஞ்சை மட்டும் அழியாது. நல்ல அறிவு அது, அறமும் அதுதான். ஆனால் அதே முறை இன்று எவ்வளவு பெரிய வாய் என்று பார்க்கிறேன். என் ஒரு பிடி, ஊரின் அத்தனை விதையையும் இழுத்துக்கொண்டு போகும். ஆவுடைத்தாய் கை ராசியான கை என்று என்னைச் சொல்வார்கள். என் கணவர் வைகுண்டம் இறந்த ஆண்டு, தாலியறுத்த கை முதல் பிடி போடலாமா என்று ஊர் கூடிப் பேசியது. என் கொழுந்தன் திருமேனிதான் எழுந்து நின்று, முளைக்கிற விதைக்கு அவள் கழுத்தா தெரியப்போகிறது என்று கேட்டானாம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பில் அந்தப் பேச்சு கரைந்தது. அந்தத் திருமேனிதான் விதை கொட்டும் கருவியை டிராக்டரில் பூட்டிக்கொண்டு இப்போது வருவான். மண்ணை அரைத்து இந்த நிலத்தை இப்படி ஆக்கிய ரொட்டவேட்டரும் அவனுடையதுதான். அவனுடையது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஓட்டியவன் அவன். ஓட்டு ஓட்டு என்றவர்கள் நாங்கள்.

உதட்டை நனைத்தேன். நனைத்துக்கொண்டே இருந்தேன். எதற்காக இப்போது அந்த ஆஸ்பத்திரி வருகிறது, நான் மண்ணைப் பற்றியல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கவாதம் வந்து படுத்திருந்த என் கணவருக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. நான் துணியைத் தண்ணீரில் தோய்த்து அவருடைய உதட்டில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், முகம் தெளிச்சியாக இருக்கிறது, உதடு பளபளவென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் நம்பினேன். பளபளப்பை நம்பினேன். பணிக்கு வந்த நர்ஸ் பெண் அவருடைய புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு கிள்ளியபடியே நின்றது. அவள் என்னைத் திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்: "உதடு நனைஞ்சா உள்ள போச்சுன்னு அர்த்தமில்லம்மா." அந்த மடிப்பு. விரலை எடுத்த பின்னும் சரியாமல் நின்ற அந்தத் தோல் மடிப்பு. இப்போது குழியின் பக்கவாட்டில் விரலால் கீறுகிறேன், கீறல் அப்படியே நிற்கிறது. ஈரமிருந்தால் கூடியிருக்கும். கூடவில்லை. நான் இதை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

கலியாணமாகி வந்த முதல் கோடையில் இந்தப் புஞ்சை எப்படி வெடித்துக் கிடந்தது. கன்றுக்குட்டியின் கால் போகும் அளவு வெடிப்பு. நான் பயந்து பயந்து தாண்டினேன். காலில் தளர்ந்திருந்த மெட்டி கழன்று ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. அவர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தார், அடி தட்டவில்லை. நான் அழுதேன். "பூமிக்கும் சேத்து மெட்டி போட்டுட்டயே, இனி ரெண்டு பேரு எனக்கு" என்றார். அந்த ஆண்டின் முதல் மழை வந்தபோது இந்த வரப்பில்தான் நின்றோம். தண்ணீர் எங்கும் ஓடவில்லை. வெடிப்புகளுக்குள் கடகடவென்று இறங்கியது. தாகத்தோடு வந்தவன் செம்பை அண்ணாந்து குடிக்கும் சத்தம். ஓடைக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. அந்த ஈரத்தில்தான் சோளம் விளைந்தது. அறுத்த பின் மிச்ச ஈரத்தில், பனியில், கொத்தமல்லி விளைந்தது. மழை எவ்வளவு என்று அப்போது எவரும் கேட்டதில்லை. எத்தனை உழவு மழை என்றுதான் கேட்பார்கள். ஏர் எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவுக்கு நனைந்திருந்தால் ஓர் உழவு மழை, அதைப்போல் இருமடங்கு நனைந்திருந்தால் இரண்டு உழவு. விண்ணிலிருந்து எவ்வளவு விழுந்தது என்பது எவனுக்கும் கணக்கில்லை. மண் எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பதே மழையின் அளவு. இன்று காலை திருமேனி போனை நீட்டி மழையளவைக் காட்டிப் போனான். நான் கேட்டேனா, எத்தனை உழவு என்று? கேட்கவில்லை. அடேயப்பா என்றேன்.

வெடிப்பு அசிங்கமாக இருக்கிறது என்று முதலில் சொன்னது யார்? நினைவில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படித் தோன்றத் தொடங்கியது நினைவிருக்கிறது. ரொட்டவேட்டர் வந்தது. மண்ணை மாவாக அரைத்துப் போட்டது. கட்டி இல்லை, வெடிப்பு இல்லை, களை இல்லை. பாய் விரித்ததுபோல் புஞ்சை. திருமணத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட நின்று பார்த்துப் பாராட்டினார்கள். ஆண்டுதோறும் அதே ஆழத்தில் அதே பல், அதே கனம். மேலே மாவு, அதன் அடியில் அந்தப் பல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய தளம். நாங்கள் நிலத்தைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருந்தபோது அதன் வாயைத் தைத்துக்கொண்டிருந்தோம். நிலம் சொல்லாமல் இருந்ததா? சொன்னது. பருத்தி எடுத்த பின் காய்ந்த மாறு பிடுங்கப் போகும்போது முன்பெல்லாம் இடுப்பு ஒடியும், வேர் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும். பிறகு ஒரு காலம் வந்தது, இழுத்தால் கையோடு வந்தது. வேரைப் பார்த்தால் சாண் ஆழத்தில் முட்டி, முழங்கை மடக்கியதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மகிழ்ந்தோம். வேலை எளிதாகிவிட்டது என்று பாட்டுப் பாடிக்கொண்டு பிடுங்கினோம். வளைந்த வேர்களைக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து அடுப்பெரித்தோம். மல்லி பொய்த்தது, விதை சரியில்லை என்றோம். ஓடைக்கரைப் பனைகள் கொண்டை கருகி நின்றன, வண்டு என்றோம். மழை குறையவே இல்லை, வறட்சி மட்டும் வளர்ந்தது. வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து திரையில் படம் போட்டாள். ஆண்டுக்கு ஆண்டு நம் வட்டாரத்து மண்ணின் ஈரம் எப்படி வடிகிறது என்று, பச்சை மங்கி மஞ்சளாகி, மஞ்சள் முற்றிச் சிவந்து வருவதைக் காட்டினாள். "நம்ம மண்ணு கருப்புல்லா மேடம், ஒங்க படத்துல செவப்பா காட்டுதீய" என்றான் திருமேனி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரிக்க முயன்றாள். பிறகு அவள், ஒரு தடவை தோண்டிப் பாருங்கள், தோண்டி மட்டும் பாருங்கள் என்று சொன்னது சிரிப்புக்கு அடியில் போய்விட்டது. நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கு இப்போது கேட்கிறது.

ஓடை சலசலக்கிறது. காலையில் எல்லோரும் ஓடையைத்தான் பார்க்க ஓடினார்கள், ஓடை ஓடுது ஓடை ஓடுது என்று. தண்ணீர் கறுப்பாக, கனத்து, நுரைத்து ஓடியது. அது என்ன என்று இப்போது தெரிகிறது. எங்கள் புஞ்சைகள் வாங்க மறுத்த மழை அது. போகிற போக்கில் எங்கள் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு மனிதனை நினைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை அவனைத் தேடி ஒரு நண்பன் வருவான், தலைச்சுமையாகத் தானியம் கொண்டுவருவான். வீட்டுக்காரனுக்குத் தன் சுவர் விரிசல்களைப் பார்த்து வெட்கம். நண்பன் வருமுன் பூச வேண்டும் என்று ஒரு விரிசலைப் பூசினான். பூச்சின் அழகில் மயங்கி இன்னொன்றைப் பூசினான். கை நிற்கவில்லை, வாசலையும் பூசினான். நண்பன் வந்தான், வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டான், நுழைய வழியில்லாமல் மூட்டையைச் சுவரோரம் இறக்கிவிட்டுப் போனான். தானியத்தைத் தெருவெள்ளம் கொண்டுபோயிற்று. உள்ளே இருந்தவன் பசியால் சுருண்டுகொண்டு, என் நண்பன் என்னை மறந்துவிட்டான் என்று அழுதானாம். அவன் வேறெவனும் இல்லை. போன ஆண்டு மழை பொய்த்தது என்று சொன்ன நாங்கள்தான். மழை பொய் சொல்லவில்லை. அது வந்து, சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

இதோ டிராக்டர் சத்தம். வண்டிப் பாதையில் தலைச்சுமையோடு வருகிறார்கள். முன்னால் வெள்ளத்தாய், ஒற்றை நாடி உடம்பு, இடுப்பில் மண் பானை. பானைக்குள் சாம்பல் கலந்து கட்டிவைத்த உளுந்து விதை. கோடையில் அவள் மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். குழம்புக்குப் பருப்பில்லாமல் வெறும் புளித்தண்ணீர் வைத்த நாளிலும் அந்தப் பானையை அவள் தொடவில்லை. அவளுக்கு அது மட்டும்தான் விதை. இது செத்தால் இந்த ஆண்டுக்கு வேறு விதையில்லை. இந்த நான்கு விரல் ஈரத்தில் அது முளைக்கும், அதுதான் கொடுமை, முளைக்கும். இரண்டு இலை விடும். ஊரே பச்சையென்று மகிழும். வேர் கீழே போகும், முட்டும், திரும்பும். மேல் ஈரம் நாலு வெயிலுக்குத் தாங்காது. சொல்லாமல் ஒரு பிடி வீசிவிடலாமா? மறுநாளே மழை வந்தால் தப்பிக்குமே? வந்தாலும் எங்கே இறங்கும், அதே தளம். வீசாமல் நின்றால்? முதல் பிடி மறுக்கப்பட்ட ஆண்டு என்று ஒன்று இதுவரை இல்லை. தாலியறுத்தவள் கையில் கொடுத்தீர்களே என்று அன்று அடங்கிய வாய்கள் திறக்கும். அடுத்த புரட்டாசியில் இந்த வரப்பில் வேறொருத்தி நிற்பாள். எனக்காகப் பேசிய திருமேனியின் முகத்தில் அவனுடைய ரொட்டவேட்டரை நானே எறிந்ததாகும். நான் என் பேருக்குப் பயப்படுகிறேன். ஒரு பானை விதைக்கு எதிரில் என் பேரைத் தராசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றும் பளபளப்பைப் பார்த்து நம்பியவள்தானே நீ. இன்றும் உதட்டைத்தான் நனைக்கப்போகிறாயா?

திருமேனி வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து வருகிறான். நான் குழிக்குள் கைவிட்டிருப்பதைப் பார்த்து, ஆட்டுக்கு முளையடிக்கப் போன மதினி புதையல் எடுத்துவிட்டாள் என்று பின்னால் வருபவர்களுக்குக் குரல் கொடுக்கிறான். சிரிப்பு எழுகிறது. நான் சிரிக்காததைப் பார்த்து அவன் நிற்கிறான். பொழுது ஏறுகிறது, முதல் பிடியைப் போடுங்கள் என்கிறான். நான் கையை எடுக்கிறேன். முழங்கை வரை வெளுத்த புழுதி, அதற்குமேல் ஈரச் சேறு. மணிக்கட்டுக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு பருவம்.

"கைய விடு" என்றேன்.

"எதுக்கு மதினி?"

"விட்டுப் பாரு. பொறவு பேசு."

அவன் குந்திக் கையை விட்டான். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது, பிறகு போயிற்று. கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ராத்திரி பூராப் பேஞ்சுதே" என்று தனக்குத்தானே சொன்னான். பிறகு தாழ்ந்த குரலில், "நான்தான் மதினி. நான் ஓட்டுனதுதான்" என்றான்.

"நாங்க ஓட்டச் சொன்னோம், நீ ஓட்டுன. எந்திரி."

பின்னால் யாரோ, இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், எந்தக் கையில எதைக் கொடுக்கதுன்னு ஒரு இது வேண்டாமா என்று முணுமுணுப்பது கேட்டது. கேட்கட்டும். வெள்ளத்தாய் பானையை இறக்கி வைக்கவில்லை, இடுப்பிலேயே இடுக்கியிருந்தாள். "போடலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுக்கா" என்றாள். அவளையும் குந்தச் சொன்னேன். பானையோடு குந்தி, இடது கையை விட்டாள். எடுத்த கையைப் பானையின் வாய்மேல் வைத்து, உள்ளே இருப்பவை கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மூடிக்கொண்டாள். நான் என் மடியைப் பிரித்துக் காட்டினேன். மடி காலி. இன்று முதல் பிடி கிடையாது என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முணுமுணுத்த வாய் ஓய்ந்தது. ஓடை மட்டும் பேசிக்கொண்டே போனது. திருமேனி புழுதிக் கையை உதறாமல் எழுந்தான். விவசாயச் சங்கத்து ஷெட்டில் உளிக்கலப்பை ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது, ஆழமாகக் கீறும், அடி காய்ந்திருக்கும்போதுதான் அந்தத் தளம் உடையும், நனைந்துவிட்டால் உடையாது, அடுத்த மழைக்கு முன்னால் செய்தாக வேண்டும் என்று, தரையைப் பார்த்தபடியே சொன்னான். விதைக் கருவியைக் கழற்ற ஆரம்பித்தான்.

ஆகவே கேளுங்கள். விதையைக் கட்டி வையுங்கள். பசித்தாலும் திங்காமல் காத்ததைப் பச்சைக்கு ஆசைப்பட்டுக் கொல்லாதீர்கள். டிராக்டர் ஓட வசதியாக உடைத்த வரப்புகளைத் திரும்பப் போடுங்கள். ஓடுகிற தண்ணீரை நிற்கச் சொல்லுங்கள், நின்ற தண்ணீர் இறங்க வழி கீறுங்கள். தூரத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பவனே, தூரத்திலிருந்து கேட்பவளே, உன் மண் கறுப்போ சிவப்போ எனக்குத் தெரியாது. நனைந்த மேனியை நம்பாதே. முணுமுணுப்பவர்களுக்காகக் காத்திருக்காதே, அவர்களையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போ. நாளைக்கு என்று சொல்லாதே, நாளைக்கு மழை வந்துவிட்டால் என்ன செய்வாய்? எழுந்திரு. ஒரு கடப்பாரையை எடு. இன்றே, இந்தப் பொழுது இறங்குவதற்குள், தோண்டி, முழங்கை மறையும் வரை கையை உள்ளே விடு.